குளிர், தூக்கம், வலிப்பு: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) ஒற்றை அறைதான் எங்கள் காம்பரா. அங்கே ஒரே வருடத்தில் ஐந்து தேத்தண்ணிக் கோப்பைகள் உடைந்தன. ஐந்தையும் உடைத்தது தம்பிதான். அப்போது அவனுக்கு 16 வயது. விடிய எழும்பி அடுப்படியில் குந்தி, அம்மா ஊற்றிக் கொடுப்பதை வாங்குவான். திடீரென்று தோள் ஒரு வெட்டு வெட்டும், கோப்பை தெறித்துப் போய் விழும். "குளிருல கை வெறைச்சிருச்சும்மா" என்பான். அம்மாவும் நம்பினார். நாங்கள் இருப்பது தலவாக்கலைக்கு மேலே. மார்கழி விடியலில் அங்கே யாருக்குத்தான் கை விறைக்காது? சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று இரவு விழித்துப் படித்தான். நாலாம் நாள் காலை பீலியடியில் (தண்ணிக் குழாயடியில்) முகம் கழுவக் குனிந்தவன் அப்படியே விழுந்து இழுத்தான். அதற்குப் பிறகுதான் அந்தக் கோப்பைகள் ஏன் உடைந்தன என்று எங்களுக்கு விளங்கியது.

அன்றிலிருந்து அவனுடைய இரவுகளை நான் கொப்பியில் எழுதி வைக்கிறேன். கிளினிக்கில் கேட்டுக் கற்றது, படித்துத் தெரிந்தது, வீட்டில் செய்து பார்த்துப் பலித்தது, எல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. தூக்கத்தைக் காப்பது வீட்டுக்காரரின் வேலை; இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

குளிர் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

நம் பக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் முதல் பழி குளிர்மேல் விழும், இரண்டாவது காத்துக் கருப்பின்மேல். இரண்டாவதை விட்டுவிடுவோம். மூளையின் நரம்புக் கலங்களில் மின்துடிப்பு தாறுமாறாகிப் பரவுவதுதான் வலிப்பு. உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியான மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் அவர்களில் 70 வீதமானவர்கள் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

குளிர் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். தை, மாசியில் வானம் வெளித்துக் கிடக்கிற இரவுகளில் உறைபனி விழுந்து கொழுந்தே கருகும். ஆனால் இந்தக் குளிர் நேரே மூளைக்குப் போய் வலிப்பைக் கிளப்புகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குளிர் கெடுப்பது தூக்கத்தை. தூக்கம் கெட்டால் வலிப்பு வருவது சுலபமாகிவிடும்.

ஏன் அப்படி என்பதைத் தப்பு மேளம் அடிக்கிற நம் ஆட்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். விழித்திருக்கிற மூளை, தப்பைக் காய்ச்சிச் சத்தம் பார்க்கிற நேரம் மாதிரி, ஆளுக்கொரு தட்டு. தூக்கம் ஆழமாகும்போது எல்லாத் தப்பும் ஒரே அடியில் சேர்ந்துகொள்ளும். நரம்புக் கலங்கள் அப்படி ஒன்றுகூடித் துடிக்கும்போது, ஓரிடத்தில் கிளம்பும் வலிப்பு அலை மற்ற இடங்களுக்குச் சட்டென்று பரவ முடியும். கனவு காணும் தூக்கத்தில் அந்த ஒற்றைத் தாளம் கலைந்துவிடும், அப்போது வலிப்பு வருவது அரிது. ராத்திரி நாலு தடவை குளிருக்கு விழித்து நாலு தடவை மறுபடி அயர்கிறவர், விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடைப்பட்ட ஆபத்தான நேரத்தை நாலு தடவை கடக்கிறார். அடுத்த நாள் களைப்பு வேறு. ராத்திரி வலிப்பு வந்துவிட்டால் அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் அடுத்ததைக் கூட்டி வரும்.

உடம்பின் சூட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். தூக்கம் பிடிக்க உள்ளுடம்பின் சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். கை கால்களுக்கு இரத்தம் ஓடி அதன் வழியாகச் சூடு வெளியேறினால்தான் இறங்கும். பாதம் சில்லிட்டுக் கிடந்தால் அங்கே இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். உள்ளே சூடு இறங்காது, தூக்கமும் வராது. அதனால்தான் கால் குளிர்ந்தவர் புரண்டுகொண்டே கிடக்கிறார். பின்னிரவு 4, 5 மணியளவில் உடம்புச் சூடு நாளிலேயே மிகக் கீழே இறங்கும். தகரக் கூரையும் அந்த நேரத்தில்தான் ஐஸ் மாதிரி இருக்கும். இரண்டும் சேருகிற அந்த வேளையில் விழிப்பு வருகிறவர்கள்தான் லயத்தில் அதிகம்.

படி 1: இரண்டு வாரம் கொப்பி எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் எழுதுங்கள். படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் விழித்தது, மாத்திரை எடுத்த மணி, வலிப்போ வெட்டோ வந்தால் எப்போது, எப்படி, எவ்வளவு நேரம். முடிந்தால் டவுனில் ஒரு சுவர் வெப்பமானி வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். எங்கள் கொப்பியில் ஒரு வாரத்திலிருந்து மூன்று நாள்:

செவ்வாய். படுத்தது 9.30. மாத்திரை 8 மணி. விடிய 3 மணிக்குக் கால் குளிர்ந்து எழும்பினான், பிறகு தூங்கவில்லை. அப்போது வெப்பமானி 11. காலையில் தோள் வெட்டு இரண்டு தடவை.

புதன். படுத்தது 9. மாத்திரை 8 மணி. இரண்டு சோடி காலுறை. 5.30 வரை ஒரே தூக்கம். வெப்பமானி 10. வெட்டு இல்லை.

வியாழன். பக்கத்து லயத்தில் சடங்கு வீடு, ஸ்பீக்கர் 1 மணி வரை. மாத்திரை 8 மணி. வெப்பமானி 13. வெட்டு ஆறேழு தடவை, பள்ளிக்கு அனுப்பவில்லை.

புதன்கிழமை செவ்வாயைவிடக் குளிர் அதிகம், ஆனால் வெட்டு இல்லை. வியாழன் மூன்றிலும் சூடான இரவு, அதுதான் மோசம். இதைப் பார்த்த பிறகுதான் நான் குளிரோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு அவன் தூக்கத்தை எண்ண ஆரம்பித்தேன். மூன்று நாளை வைத்து முடிவெடுக்கக்கூடாது. இரண்டு மாதம் எழுதியும் அதே கதைதான் இருந்தது. உங்கள் வீட்டில் வேறு கதை இருக்கலாம். எழுதினால்தான் தெரியும்.

படி 2: காம்பராவை விடுங்கள், படுக்கையைச் சூடாக்குங்கள்

லயக் காம்பரா ஒன்றை இரவு முழுக்கச் சூடாக வைத்திருப்பது நம்மால் ஆகாது. தேவையும் இல்லை. நன்றாகப் போர்த்திக்கொண்டால் போர்வைக்குள்ளே 30 பாகைக்கு மேல் உடம்பே சூடாக்கிக்கொள்ளும். வெளியே 12 பாகை இருந்தாலும் தூக்கம் வரும். அந்தச் சூட்டைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பதுதான் நம் வேலை.

கீழேயிருந்து தொடங்குங்கள். நம் ஆட்கள் மேலே மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு, கீழே சீமெந்தில் ஒற்றைப் பாயில் படுப்பார்கள். மேலே பிடித்த சூடு முழுவதையும் சீமெந்து குடித்துவிடும். கழுவிக் காயவைத்த உரச்சாக்கைத் தரையில் விரித்தால் ஈரம் மேலே ஏறாது. அதன்மேல் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்கு, அதன்மேல் மடித்த கம்பளி, பிறகு பாய். கட்டில் இருந்தாலும் மெத்தைக்குக் கீழே அட்டை போடுங்கள். வலிப்புள்ளவருக்கு உயரமான கட்டிலைவிட இப்படித் தரையோடு இருக்கிற படுக்கை நல்லது, விழ இடமில்லை.

அடுத்தது பாதம். நனையாத காலுறை, படுக்கிற நேரத்துக்கென்றே ஒரு சோடி. அன்றைக்கு மலையில் போட்டதை மாட்டிக்கொண்டு படுக்கக்கூடாது, அதில் ஈரம் இருக்கும். சுடுதண்ணிப் போத்தல் வைப்பதென்றால் துணியில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி முந்திப் போர்வைக்குள் வைத்து, ஆள் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடக்கிறவர் கால் சுடுவதை உணரமாட்டார், விலக்கவும் மாட்டார்.

கதவுக்குக் கீழே இருக்கிற இடைவெளியைச் சாக்கால் அடையுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் உள்ளதைக் கொஞ்சம் திறந்தே விடுங்கள். காரணம் இருக்கிறது. கரிச்சட்டியில் கங்கு போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. புகை வராத கங்குதான் மிகப் பொல்லாதது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வாசமில்லை, நிறமில்லை. மூடிய காம்பராவில் தூங்குகிறவர்களை அது தூக்கத்திலேயே கொன்றுவிடும். எந்தக் குளிரிலும் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் படுப்பதும் வேண்டாம். சூடு வேண்டும் என்று நோயாளியை அடுப்போரம் கிடத்துகிற அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் தீக்காயம் அப்படித்தான் வருகிறது. வீட்டில் அடுப்புக்கு மிகத் தூரமான மூலை அவருக்கு.

இன்னொரு விஷயம் எழுதக் கஷ்டமாக இருக்கிறது, எழுதாமல் விடமுடியாது. வலிப்புள்ளவர்கள் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோவது உண்டு. வளர்ந்தவர்களில் வருடத்துக்கு 1,000 பேரில் ஒருவர் என்ற அளவில். முழு உடம்பும் இழுக்கிற வலிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பெரும்பாலும் குப்புறக் கிடந்த நிலையில்தான் கண்டிருக்கிறார்கள். ஆகவே தலைமேல் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் பழக்கத்தை மாற்றுங்கள். தலைக்குக் குல்லா போடலாம், முகம் வெளியே இருக்க வேண்டும். பஞ்சு அமுங்குகிற பெரிய தலையணை வேண்டாம். ஆளைத் தனியே படுக்கவைக்காதீர்கள். ஒரே காம்பராவில் எல்லோரும் படுப்பது நமக்கு வறுமையால் வந்த பழக்கம்தான், ஆனாலும் சத்தம் கேட்டால் எழும்ப ஒருவர் பக்கத்தில் இருப்பது இந்த நோயில் உயிரைக் காக்கும்.

சூடு கூடிப்போவதும் தூக்கத்தைக் கெடுக்கும். வியர்த்து உடுப்பு நனைந்து, அந்த ஈரம் குளிர்ந்து ஆளை எழுப்பும். ஒரு தடித்த கம்பளியைவிட இரண்டு மெல்லியது நல்லது, ஒன்றைத் தள்ளிவிடலாம். டோபிராமேட், சோனிசமைட் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, வியர்வை குறைந்து உடம்பு சூடேறலாம். அவர்களைப் பகல் வெயிலிலும் கவனியுங்கள்.

படி 3: எழும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வளர்ந்தவர்களுக்கு 7 முதல் 9 மணித்தியாலம், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10, அதற்குக் கீழே பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12. பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் பதிகிற இடத்துக்கு) போக 5.30க்கு எழும்ப வேண்டுமென்றால் 9.30க்குத் தூங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். வாரம் முழுக்கக் குறைத்துத் தூங்கிவிட்டு ஞாயிறு பத்து மணி வரை கிடந்தால் கடன் அடையாது.

நான் கோபத்தோடு எழுதுகிற இடம் இது. வலிப்புள்ளவர் ஆணாக இருந்தால் வீடே அவர் தூக்கத்துக்கு அடங்கிப்போகும். பெண்ணாக இருந்தால் 4.30க்கு எழும்பி அடுப்பு மூட்டி, தண்ணி பிடித்து, காலைச் சாப்பாடும் பகல் சாப்பாடும் கட்டி வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போவார்; ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பாத்திரம் கழுவிவிட்டுப் படுப்பார். ஐந்து மணித்தியாலத் தூக்கம். பிறகு கிளினிக்கில் "மாத்திரை வேலை செய்யுதில்ல" என்று சொல்வோம். அந்த வீட்டில் காலை அடுப்பை வேறொருவர் மூட்டட்டும். மாவைப் பிசைவதும் காய் நறுக்குவதும் முந்திய சாயந்திரம் நடக்கட்டும். அது அவருக்கு மாத்திரையோடு சேர்ந்த மருந்து.

தேயிலை நம் கையால் பறிப்பது, அதனால் அதன்மேல் சந்தேகம் வருவதில்லை. ஆனால் தேத்தண்ணியிலும் கோப்பியில் இருக்கும் அதே கபீன்தான் இருக்கிறது. குடித்து ஐந்தாறு மணித்தியாலத்துக்குப் பிறகும் அதில் பாதி உடம்பில் நிற்கும். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வேண்டாம். ராத்திரிக் குளிருக்குக் கொத்தமல்லித் தண்ணி, சூடான பால், வெறும் சுடுதண்ணி எதுவும் போதும். சாராயமும் கசிப்பும் முதலில் ஆளைக் கிடத்தும், பின்னிரவில் எழுப்பிவிடும். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புகிறவர் என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அது தனி நோய், அதைக் குணப்படுத்தினால் வலிப்பும் குறையலாம்.

படி 4: மாத்திரையை மூடுபனியிடமிருந்து காப்பாற்றுங்கள்

நேரம் தவறாமல் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரத்தைப் பற்றி எங்களுக்கு வருடக் கணக்கில் யாரும் சொல்லவில்லை. சோடியம் வல்ப்ரோவேட் மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். எடுக்கும் நிமிடம் வரை தாள் அட்டையிலிருந்து பிரிக்கக்கூடாது. கார்பமசபீன் மாத்திரையிலும் ஈரம் ஏறினால் அதன் பலம் குறையும். ஆஸ்பத்திரியில் சில நேரம் மாத்திரையை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். அதை அப்படியே இஸ்தோப்பு (முன் திண்ணை) ஆணியில் மாட்டி வைத்தால் ஆடி மாதத்து மழைக்கு என்ன ஆகும்? இறுக மூடும் போத்தலில் போட்டு, அடுப்பு ஆவி படாத உயரத்தில் வையுங்கள். குளியலிடத்திலும் ஜன்னலோரத்திலும் வேண்டாம்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் வல்ப்ரோவேட் எடுத்தால், கருவில் குழந்தைக்குப் பாதிப்பு வரக்கூடும் என்பதால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பயந்துபோய்த் தானாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம்.

படி 5: எழும்பிய முதல் அரை மணி

தம்பிக்கு இருக்கிற வகை 12 முதல் 18 வயதுக்குள் தலைகாட்டுவது வழக்கம். எழும்பிய கையோடு தோளிலும் கையிலும் வெட்டு வரும். தூக்கம் குறைந்த காலையில் அது கூடி முழு வலிப்பாகும். வெட்டு வரும்போது நினைவு இருக்கும், அதனால் யாரும் அதை நோயாக நினைப்பதில்லை. "ராவெல்லாம் போன நோண்டுனா கை நடுங்காம என்ன செய்யும்" என்று அம்மா ஏசியிருக்கிறார். தம்பி அழுதிருக்கிறான். உங்கள் வீட்டில் கோப்பை, சீப்பு, பல் துலக்கும் பிரஷ் காலையில் மட்டும் கைநழுவினால் ஏசாதீர்கள். போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். கார்பமசபீன், பெனிட்டோயின் போன்ற மருந்துகள் வேறு வகைகளுக்கு நன்றாக வேலை செய்தாலும் இந்த வகையில் வெட்டைக் கூட்டிவிடலாம். ஆகவே இந்த ஒரு தகவல் மருந்தையே மாற்றும்.

அந்த அரை மணிக்குள் அடுப்பு, கத்தி, சுடுதண்ணி, பீலி எதுவும் வேண்டாம். போர்வைக்குள்ளேயே கொஞ்சம் உட்கார்ந்து, ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு மெல்ல எழும்பட்டும். தேத்தண்ணியை ஆறவைத்துப் பாதிக் கோப்பை கொடுங்கள்.

படி 6: குளியல்

பச்சைத்தண்ணியில் குளித்தால் வலிப்பு வரும் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம். நல்ல சூட்டுத் தண்ணியைச் செம்பால் அள்ளித் தலையில் மளமளவென்று ஊற்றும்போது மட்டும் வலிப்பு வருகிற ஒரு வகை இருக்கிறது. தென்னிந்தியாவில், சிறப்பாகக் கர்நாடகத்தில், இதை நிறையக் கண்டிருக்கிறார்கள். பெங்களூர் டாக்டர்கள் விரிவாக எழுதியும் இருக்கிறார்கள். குளிரில் விறகடுப்பில் அண்டா நிறையத் தண்ணி கொதிக்கவைத்துத் தலையில் ஊற்றுகிற நாமும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். குளிக்கும்போதே வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். தண்ணியை வெதுவெதுப்பாக்கி, தலையையும் உடம்பையும் வேறு வேறு நேரத்தில் கழுவி, தலைக்கு ஊற்றாமல் நனைந்த துணியால் துடைத்தால் பலருக்குக் குறையும்.

எந்த வகையானாலும் பீலிக்கோ ஆற்றுக்கோ தனியே போகவேண்டாம். வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போடவேண்டாம். ராத்திரி தலை நனைத்துவிட்டு ஈர முடியோடு படுத்தால் தூக்கம் போகும். குளியல் பகலிலேயே முடியட்டும்.

படி 7: காய்ச்சலும் தடிமனும்

வெளிக்குளிரைவிட உடம்புக்குள் ஏறும் காய்ச்சல் வலிப்புக்கு நேரான காரணம். மூக்கடைப்பும் இருமலும் தூக்கத்தையும் கெடுத்துவிடும். காய்ச்சல் வந்தால் பெனடோலை (பாரசிட்டமோல்) அளவோடு கொடுங்கள், தண்ணீர் குடிக்கவையுங்கள், வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையை வாந்தியெடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். குளிர்ந்த தண்ணியில் முக்குவதும் வேண்டாம், காய்ச்சல்காரரைக் கம்பளியால் சுற்றி மூடுவதும் வேண்டாம்.

தோட்ட டிஸ்பென்சரியிலோ டவுன் பார்மசியிலோ தடிமனுக்கு மருந்து வாங்கும்போது "வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறேன்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். தூக்கம் வரவைக்கும் பிரிட்டோன் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வலிப்பைச் சுலபமாக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துகள் கார்பமசபீனின் அளவை உடம்பில் ஏற்றித் தலைச்சுற்றும் வாந்தியும் கொண்டுவரும். ட்ரமடோல் என்ற வலி மாத்திரையும் வேண்டாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோடு மட்டும் வரும் வலிப்பு வேறு. நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து பிள்ளைகளுக்கு அது வரும். பெரும்பாலானவர்களுக்குப் பிறகு ஒன்றும் இருக்காது. முதல் தடவை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கொண்டுபோங்கள், காய்ச்சலுக்குக் காரணம் பார்க்க வேண்டும்.

படி 8: இரவு வேலை, காமன் கூத்து, கொழும்பு பஸ்

தேயிலை பெக்டரியில் கொழுந்து வாடியதும் நடுச்சாமத்தில் மிஷின் ஓடத் தொடங்கும். வலிப்புள்ளவருக்கு அந்த வேலை இரண்டு வகையில் கூடாது: தூக்கம் போகும், சுழலும் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிவரும். கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்கித் தோட்ட நிர்வாகத்திடம் பகல் வேலை கேளுங்கள். சங்கத் தலைவரைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

மாசியில் காமன் கூத்து விடிய விடிய நடக்கும். போகாதே என்று நான் தம்பியிடம் சொன்னதில்லை, அவன் தப்படிக்கிறவன். அன்று பகல் இரண்டு மணித்தியாலம் தூங்குவான், மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுப்பான், 11 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். அடுத்த நாள் மரம் ஏறுவதில்லை, சைக்கிள் ஓட்டுவதில்லை.

கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வேறு கஷ்டம். அங்கே ராத்திரியிலும் வெப்பநிலை 22 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. கடைக்கு மேலே, விசிறி இல்லாத அறையில் ஆறு பேரோடு படுத்தால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. ஜன்னலோர இடம், ஒரு மேசை விசிறி, படுக்குமுன் பச்சைத்தண்ணிக் குளியல் உதவும். பிறகு தீபாவளிக்குக் கடையை ராத்திரி பத்துக்குப் பூட்டி, நெரிசல் பஸ்ஸில் நின்றபடி விடிய ஹட்டனில் இறங்குவார்கள். தூக்கமில்லை, மாத்திரை பையின் அடியில், 28 பாகையிலிருந்து 14 பாகைக்கு வந்தாயிற்று. வீட்டில் வலிப்பு வந்ததும் "குளிர் ஒத்துக்கல்ல" என்பார்கள். ஒரு நாள் முந்தி லீவு கேட்டுப் பகலில் பயணம் செய்வதுதான் வழி. முடியாவிட்டால் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும், வந்ததும் யாரும் கதை கேட்காமல் தூங்க விடுங்கள்.

படி 9: ராத்திரி வலிப்பு வந்தால்

வெளிச்சம் போட்டு மணியைப் பாருங்கள். போர்வையை விலக்கி, முகத்தைச் சுற்றியுள்ள தலையணையையும் துணியையும் எடுங்கள். இழுக்கும்போது கை காலைப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை, அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். இழுப்புத் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சில் வெளியே வழிய விடுங்கள். சிறுநீர் போயிருந்தால் ஈர உடுப்பை மாற்றி உடனே போர்த்துங்கள். நம் குளிரில் இது முக்கியம். பிறகு தூங்கவிடுங்கள், மூச்சைக் கவனித்தபடி பக்கத்தில் இருங்கள்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், நினைவு திரும்பாமல் மறுபடி இழுத்தால், இதுதான் முதல் தடவை என்றால், அடிபட்டாலோ கர்ப்பிணியானாலோ, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் நம்பர், எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் இன்றைக்கே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் எங்கள் வீட்டில் டிவிஷன் பெயர்கூட யாருக்கும் வாயில் வரவில்லை. ஒருவர் டோர்ச்சோடு ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

படி 10: கொப்பியோடு கிளினிக்குக்கு

கண்டி, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் நரம்பியல் கிளினிக் உண்டு. பக்கத்து ஆஸ்பத்திரியில் கடிதம் கேட்டு வாங்கிப் போகலாம். ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்துடிப்பைப் பதியும் சோதனை) எடுக்கச் சொன்னால் முந்திய இரவு குறைத்துத் தூங்கி வரச் சொல்லக்கூடும். தூக்கம் குறைந்த மூளையில்தான் மாற்றங்கள் தெளிவாகத் தெரியும். அன்று தனியே அனுப்பாதீர்கள். அவர்கள் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

டாக்டருக்கு ஒருவரைப் பார்க்கச் சில நிமிடம்தான் கிடைக்கும், பல இடங்களில் சிங்களத்தில்தான் பேச வேண்டிவரும். எங்களைப் பார்த்த முதல் இடத்தில் காலை வெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் எட்டு மாதம் பொருந்தாத மருந்தில் போனது. வலிப்புக்குச் சிங்களத்தில் மீமெஸ்மொரய. தூக்கம் போதவில்லை என்பதற்கு "நின்த மதி". கொப்பியின் முதல் பக்கத்தில் தம்பி தன் கையால், சிவப்புப் பேனையில், இரண்டே வரி எழுதி வைத்திருக்கிறான். போகிற இடமெல்லாம் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் காட்டுவான்:

"நின்த மதி உணாம, உதேட அத கெஸ்ஸெனவா."

தூக்கம் குறைந்தால், காலையில் கை வெட்டுகிறது.